உள்ளே போகாத புடைப்பு

விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை சுவரில் சாய்த்து உயர்த்திய இரண்டு கால்கள். கார்த்திகைத் திருவிழாவில் இரவு முழுக்கச் சாமி சுமந்துவிட்டு வந்த அக்கா கணவர், கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்து, வலது அடிவயிற்றுக்குக் கீழே, தொடை சேரும் இடத்தை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ராவெல்லாம் தூக்கினது போதாதா? இப்ப இன்னா சர்க்கஸ்?" என்றாள் அக்கா.

"சும்மா இருடி. உள்ள போவ மாட்டேங்குது."

"எது? வாயுன்னுதானே சொன்னீங்க? ரெண்டு வருசமா விளக்கெண்ணெய் காய்ச்சித் தரேனே!"

அவர் புரண்டு படுத்து வாந்தி எடுத்தார். ஜட்கா வண்டி பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பகலில் நிலக்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை, திருவிழாவில் சாமி. இரண்டுமே அவர் தோளில்தான். முதலில் எலுமிச்சை அளவு இருந்த புடைப்பு, இருமினால் பெரிதாகும்; படுத்தால் மறையும். சாமி வாகனத்தைத் தூக்குமுன் மண்டபத்தில் கொஞ்சநேரம் படுத்து, அதை அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். சுமப்பவர்களில் வேறு சிலரும் அப்படித்தான் படுத்தார்கள். பார்த்த நாங்கள் களைப்பு என்று நினைத்தோம்.

டாக்டர் வெளியூர்க்காரர். தொட்டுப் பார்த்தார். புடைப்பு கல்லாக இருந்தது.

"எப்பலருந்து உள்ள போகல?"

"பாதி ராத்திரிலருந்துங்க."

"தெரிஞ்சேதான் தூக்கினியா?"

"நடுவுல தோள எடுக்க முடியாதுங்களே."

அது உண்மை. வாகனத்தைச் சுமக்கும் தண்டுக்கு ஒரே உயரத் தோள்களை ஜோடி பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஒருவர் விலகினால் பாரம் எதிர் ஜோடியின் மேல் சாயும். விலகியவரின் பரம்பரை இடத்துக்குப் பங்காளி வந்துவிடுவான், வந்தவன் போகமாட்டான்.

வராந்தாவில் டாக்டர் எங்களிடம் விளக்கினார். இதன் பெயர் குடலிறக்கம். வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடல் பிதுங்குகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் கவட்டில் வரும். பெண்களுக்குச் சிலசமயம் அதற்குச் சற்றுக் கீழே, தொடையின் மேல்பக்கம் வரும். அது சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஜாஸ்தி. கைக்குழந்தையின் தொப்புளில் வருவது பெரும்பாலும் தானே மூடிவிடும். பழைய ஆபரேஷன் தழும்பிலும் வரலாம். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும்வரை வலி கம்மி, அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கட்டுப் போட்டால் ஆறாது, தைத்தால்தான் சரியாகும். கெட்டியாகி, வலித்து, வாந்தியும் வந்தால் குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டது என்று பொருள். பிறகு சில மணி நேரம்தான் கெடு.

"குடல் அழுகியிருந்தா அந்தத் துண்டை வெட்டணும். தொறந்து பாத்தாத்தான் தெரியும்மா" என்றார்.

அக்கா தாலிச்சரட்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து திறந்தார்கள். குடல் நாவற்பழ நிறத்தில் இருந்ததாம். இறுக்கிய வளையத்தை விடுவித்து, வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருந்தார்கள். மெதுவாகச் சிவப்பு திரும்பியது. வெட்டவில்லை. குடலை உள்ளே தள்ளி, நலிந்த சுவரை நூலால் இழுத்துத் தைத்தார்கள்.

தையல் பிரித்த அன்று அவர் டாக்டரிடம் கேட்டார்: "அடுத்த வருசம் தூக்கலாங்களா?"

"ஆறு மாசம் குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாது. அப்புறமும் தண்டு வேணாம். போனா திரும்ப எங்கிட்டதான் வருவ."

"பழக்கப்பட்ட தோளுங்க…"

"தோளுக்கு ஒண்ணும் ஆகலப்பா, வயித்துக்குத்தான்."

"சாமிக்கு வேற ஆளே கெடைக்கல பாரு" என்றாள் அக்கா. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இடத்தில் தோள் கொடுக்கப் பங்காளிக்குச் சொல்லி அனுப்பியது அவள்தான்.

அடுத்த கார்த்திகையில் அவர் தேரடித் தெருவில் எங்களோடு நின்றார். வாகனம் எங்கள் முன்னே வந்து நின்றது. அத்தனை வருடம் சுமந்தவர், வீதியில் சாமியை எதிரே நின்று பார்த்தது அன்றுதான் முதல் தடவை.