ஹாஸ்டல் பெண்களுக்காக வந்த ஹாம்ஸ்டர்கள்

போன வாரம் ஒரு மரப்பெட்டி வந்தது. மறைமலை நகரில் நான் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. வந்த பொருளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் உத்தியோகம். பெட்டி வழியில் மழையில் நனைந்திருந்தது. மூடியைப் பெயர்த்ததும், உள்ளே அடைத்திருந்த மரத்தூளிலிருந்து குப்பென்று ஒரு வாடை. பெட்டியைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போய், "எலி பூந்துகினு கீது மேடம், மூத்திர நாத்தம்" என்றார். எலியெல்லாம் இல்லை, ஈரமான தூள் அப்படித்தான் நாறும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கிட்டப் போய் நின்றேன். நல்ல வாடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் நேராகச் சேவியர் அண்ணன் கடை வாசலில் இறங்கிவிடலாம்.

அப்போது நான் சென்னைக்கு வெளியே ஒரகடத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழும் இரண்டு சுடிதாரும் ஒரு ஊறுகாய் பாட்டிலுமாக வந்து இறங்கியவள் நான். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. தங்கியிருந்த இடத்துக்கு ஹாஸ்டல் என்று பெயர். ஓர் அறைக்கு எட்டுப் பேர், கட்டில் நான்கு. கணக்கு தவறில்லை. நாங்கள் நான்கு பேர் விடியற்காலையில் ஏ ஷிப்டுக்குக் கிளம்பினால், நைட் ஷிப்ட் முடித்த நான்கு பேர் வந்து அதே கட்டிலில் விழுவார்கள். எங்கள் மெத்தை ஆறியதே கிடையாது. என் கட்டிலில் பகலில் தூங்குகிறவள் யார் என்று மூன்று மாதம் எனக்குத் தெரியாது. அவள் விட்டுப்போகும் கிளிப்பை நான் குத்திக்கொள்வேன், என் பவுடர் டப்பா குறைந்துகொண்டே வரும். அந்த உறவு அவ்வளவுதான்.

என்னோடு அதே லைனில், அதே அறையில் இருந்தவள் சகாயம். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சுவரில் போகும் பல்லியிடம்கூட "சாப்ட்டியாட்டி" என்று கேட்கிற ஜாதி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து எங்கள் எல்லோருக்காகவும் செபித்ததாகச் சொல்வாள். எனக்காக என்ன செபித்தாய் என்று கேட்டால், "ஒனக்கு வாய் கொறையணும்னு" என்பாள்.

கம்பெனி பஸ் மூன்றரை மணிக்கு எங்களை வல்லக்கோட்டைக்குப் போகும் ரோட்டுத் திருப்பத்தில் இறக்கிவிடும். இறங்கினால் எதிரே சேவியர் அண்ணனின் பிராணிக் கடை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசல் போர்டில் பெரிய வெளிநாட்டு நாய் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே நாய் கிடையாது. லவ் பேர்ட்ஸ், முயல் குட்டி, டீ குடிக்கிற பிளாஸ்டிக் கப்பில் தலைக்கு ஒன்றாக ஃபைட்டர் மீன்கள், பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள். கூண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார். மேலே இருக்கும் பறவையின் எச்சம் நடுவில் இருக்கும் முயலின் முதுகில் விழும், முயலின் மூத்திரம் கீழே இருப்பவற்றின் மேல் சொட்டும். ஆகக் கீழே இருந்தவை ஹாம்ஸ்டர்கள். கட்டைவிரல் இரண்டைச் சேர்த்துவைத்த அளவுக்கு, வால் இல்லாத எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூண்டில் பத்துப் பன்னிரண்டு. தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடப்பதைப் பார்த்து, என்ன பாசம் பாரேன் என்று முதல் நாள் நான் சொன்னேன். தகரக் கூரைச் சூட்டில் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடக்கின்றன என்றும், தெம்பு வந்தால் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும் என்றும் பிறகுதான் தெரிந்தது. சகாயம் மட்டும் அப்போதே, "நம்ம ரூம் மாரியே இருக்குட்டி" என்றாள். சிரித்தோம்.

சேவியர் அண்ணன் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மணிமங்கலம் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டி, இடது கையில் இரண்டு விரலைப் பாதியோடு விட்டுவிட்டு, இனி மெஷின் பக்கமே போவதில்லை என்று இந்தக் கடையைப் போட்டவர். எந்தப் பிராணிக்கு எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு சூடு தாங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பொருளைக் கொண்டுவந்து போடுகிறவன் கூண்டையும் சேர்த்து விற்றான், இவர் வாங்கி அடுக்கினார். கடையில் இருந்தது ஒரே ஒரு ஃபேன். "எனக்கு வச்சா அதுங்களுக்கு இல்ல, அதுங்களுக்கு வச்சா எனக்கு இல்ல. நான் இன்னா பண்றது, சொல்லும்மா" என்பார். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் அதைக் கூண்டுகள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, பனியனைச் சுருட்டி மேலே விட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் கீழ்க் கூண்டில் ஒரு வெள்ளை ஹாம்ஸ்டர் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. "ஏட்டி, இது சாவப் போவுதுட்டி. இப்படியே விட்டுட்டுப் போவவா?" என்று சகாயம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்கினோம். கம்பெனியில் விளிம்பு உடைந்து ஒதுக்கிய நீல டப்பா ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, அதில் வைத்து ஈரத்துணி போர்த்தினோம். ராத்திரிக்குள் எழுந்து உட்கார்ந்து முந்திரிப்பருப்பு தின்றது. ஹாஸ்டலை நடத்தும் அக்கா வந்து பார்த்துவிட்டு, "எலியத் தொரத்த நான் மருந்து வெச்சினு கீறேன், நீங்க எலிக்குத் தொட்டில் கட்றீங்களா?" என்று ஒரு வாரம் கெடு கொடுத்தார். ஒரு வாரத்தில் படப்பையில் இருந்த எங்கள் லைன் லீடர் வீட்டுப் பிள்ளைகளிடம் அது போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு ஓடுகிற சக்கரமெல்லாம் வாங்கிவைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு அதுவே எங்கள் வேலையாகிவிட்டது. கடையில் எது ரொம்ப முடியாமல் கிடக்கிறதோ அதை வாங்குவோம், தேற்றுவோம், நல்ல வீடு பார்த்துக் கொடுப்போம். கேன்டீன் அக்கா வீடு, பஸ் டிரைவரின் மகள், தையல் கடைக்காரர். மற்ற அறைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெண் பார்க்கப் போவதுபோல வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். நிழல் இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்று விசாரிப்பது என் இலாகா. உண்மையைச் சொல்கிறேன், அந்த நான்கு மாதமும் எனக்குள் ஒரு மதர்ப்பு இருந்தது. வேலைக்காக ஊரைவிட்டு வந்த பெண்ணாக இல்லாமல் ஏதோ பெரிய காரியத்துக்கு வந்தவள்போல நடந்துகொண்டிருந்தேன்.

இதற்கிடையில் என்னை லைனுக்குப் பொருள் கொண்டுவந்து வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு உதிரிப்பாகத்துக்கும் இரண்டு டப்பா. ஒன்று காலியானால் அதைத் தூக்கி ரேக்கில் வைத்துவிட வேண்டும். ஸ்டோர்ஸிலிருந்து என்னைப்போல ஓர் ஆள் வந்து காலி டப்பாவை எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வருவார். வேண்டும் என்று யாரும் யாரிடமும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. காலி டப்பாதான் ஆர்டர். முதல் நாள் வகுப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

சித்திரை பிறந்து வெயில் இன்னும் ஏறிய ஒரு மத்தியானம் கடைக்குப் போனோம். சேவியர் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக எங்களை உள்ளே கூப்பிட்டார். சுவரோரம் புதிதாக மூன்று கூண்டுகள், மூன்றிலும் ஹாம்ஸ்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. "உங்களுக்காகத்தான்மா. ஹாஸ்டல் பொண்ணுங்க வெச்சா காலியாயிடுதுன்னு வாரத்துக்கு ரெண்டு பெட்டி சொல்லிக்கீறேன்" என்றார். அன்றைய பெட்டி அப்போதுதான் வந்திருந்தது. துணிக்கடை அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, சென்னையிலிருந்து வேனில் மற்ற மூட்டைகளோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் மூடியைத் திறந்தார். மரத்தூள் ஈரமாகி அடையடையாக இருந்தது. அசைந்தவற்றைக் கூண்டில் விட்டார், அசையாதவற்றைக் காதைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போட்டார். போட்டதுதான் அதிகம். "வரும்போதே பாதி போயிடும்மா, இன்னா பண்றது" என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார்.

பாராட்டு வாங்கிய மண்டைக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான்கு மாதமாக நாங்கள் காப்பாற்றவில்லை. டப்பாவைக் காலி செய்து ரேக்கில் வைத்திருக்கிறோம். நாங்கள் தூக்கிப்போன ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு பெட்டி கிளம்பி வந்திருக்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது சகாயத்திடம் சொன்னேன். அவள், "அப்போ அந்தச் சாக்குல கெடக்கது எல்லாம் நம்ம கணக்கா?" என்று கேட்டாள்.

மறுநாளே போய்ச் சேவியர் அண்ணனிடம் பேசினேன். இனி நாங்கள் வாங்க மாட்டோம், நீங்களும் ஹாம்ஸ்டர் வரவழைக்காதீர்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். பாதியிலேயே, "சரிம்மா, சொல்லிடுறேன்" என்றார். சரி என்று சொல்கிறவர்களெல்லாம் செய்துவிடுவதில்லை என்று ஒரு வருஷத் தொழிற்சாலை அனுபவத்தில் நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆகவே நம்பவில்லை. இருப்பவற்றுக்காவது ஏதாவது செய்யலாம் என்று, கம்பெனிக் கழிவிலிருந்து தெர்மோகோல் பலகைகளைக் கேட் பாஸ் போட்டு எடுத்துவந்தோம். எதற்கு என்று செக்யூரிட்டி கேட்டார். எலிக்கு என்றேன். போய்த் தொலை என்பதுபோலக் கையெழுத்துப் போட்டார். சேவியர் அண்ணனே ஏணி வைத்து ஏறி, அரைவிரல்களோடு அவற்றைத் தகரத்துக்கடியில் கட்டினார். கூண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரையில் வைத்தோம். எந்த நேரமும் தண்ணீர் பாட்டில் நிறைந்திருந்தது. அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. கூண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேறு ஆட்கள் வந்து ஒன்றிரண்டாக வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. பழுப்பு நிறம், மற்றவை கடித்ததில் ஒரு காது கிழிந்திருந்தது. அதனாலேயே யாரும் கேட்கவில்லை. தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சகாயம் போய் அதன் முன்னால் குந்திக்கொள்வாள். அது கம்பிக்கு வந்து அவள் விரலை மோந்து பார்க்கும். "இந்த ஒண்ணு மட்டும்ட்டி. இதோட விட்டுருவோம்" என்றாள். கூடாது என்றேன். இதை எடுத்தால் நாளைக்கே பெட்டி வரும், கூண்டு காலியாகாமல் இருக்கிற வரைக்கும்தான் அவர் ஆர்டர் போடமாட்டார், ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். அவள் மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் அதே பதிலை, சூப்பர்வைசர் குரலில் சொன்னேன். நான்காம் நாள் அவள் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டோம், இறங்கும்போது கடை பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் போனபோது கூண்டு காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. யாரோ வாங்கிவிட்டார்கள் என்று சகாயம் முகம் மலர்ந்தது. சேவியர் அண்ணன் எழுந்து நின்றார்.

"முந்தாநேத்து காலைலேர்ந்து கரண்ட் இல்லம்மா. ஈரத்துணி போட்டுத்தான் வெச்சினுருந்தேன். சோறு துன்னுட்டு வந்து பாத்தா போயிடுச்சு" என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்த ஆளுக்கு நான் அன்னிக்கே போன் போட்டு வேணாம்னுட்டேன், நீ வந்து சொன்னியே, அன்னிக்கே. இது ஒண்ணுதான் கெடந்துச்சு. தெனம் வந்து பாத்துட்டுப் போனீங்க, ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

சகாயம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹாஸ்டலுக்குப் போய் என் துணியையும் சேர்த்து ஊறவைத்துத் துவைத்தாள். நான் கொடியில் காயப்போட்டேன். அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் சொன்ன கணக்கில் இன்றைக்கும் ஒரு பிசகு கிடையாது. அந்த மனிதரை நம்பி ஒரு வார்த்தை கேட்காததுதான் என் பிசகு, அதனால்தான் அந்த ஒன்று செத்தது. எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கடை போயிற்று. சேவியர் அண்ணன் தன் மனைவியின் ஊருக்குப் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. ஹாஸ்டல் இருந்த வீட்டை இடித்து, கண்ணாடி வைத்து ஏதோ கட்டிவிட்டார்கள். திருப்பத்தில் இப்போது புதுக் கார்களை ஏற்றிய நீள லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சகாயத்துக்கு அந்த வருஷமே காண்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போன பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவளே போன் செய்தாள், என் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னாள், அப்புறம் நின்றுபோயிற்று. போன வாரம் அந்த நம்பரைப் போட்டேன். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். சகாயத்திடம் கொடுங்கள், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். இந்த நம்பர் தன்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறது, அப்படி யாரையும் தெரியாது என்றார்.