ஆராதனை இல்லாத ஞாயிறு

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பூதலூரில் இறங்கினேன். திண்டுக்கல்லில் விடியும் முன்பே ரயில் ஏறி, திருச்சியில் பாசஞ்சருக்கு மாறியிருந்தேன். திருச்சியிலிருந்து பூதலூருக்கு டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து திருக்காட்டுப்பள்ளி எட்டு ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. பஸ்ஸில் பாதிப் பேர் நெற்றியில் நாமம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பூண்டி மாதா கோயிலுக்கா?" என்றார்.

"இல்லங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

"என்ன விசேஷம்?"

விசேஷம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டு முடித்த வயல், நாற்று முடி பரப்பிய வயல், டிராக்டர் சேறு கலக்கிய வயல் என்று மாறி மாறி வந்தன. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. போர் போட்டு அறுநூறு அடியில் தண்ணீர் தேடும் ஊரிலிருந்து வருபவளுக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நான் ஒரு பாஸ்டரின் மகள். பெயர் எஸ்தர். மருத்துவமனை லேபில் வேலை. அப்பா திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையை முப்பது வருடம் நடத்தினார். எனக்கு முப்பத்தாறு வயதில் ஜெபம் நின்றுபோனது. சண்டையோ அதிர்ச்சியோ இல்லை. ஒருநாள் முழங்காலில் நிற்கும்போது, எதிரே கேட்பதற்கு யாரும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆறு வருடமாயிற்று. மூன்று வருடம் முன்பு இறந்த அப்பாவிடம் அதைச் சொல்லவேயில்லை. ஞாயிறு தோறும் மத்தியானம் போன் செய்து "ஆராதனைக்குப் போனியா?" என்று கேட்கும் அம்மாவிடம், "போனேம்மா" என்று சொல்லிவந்தேன்.

உண்மையில் ஆராதனை நேரத்தில் நான் போனில் இருப்பேன். கடவுள் நம்பிக்கையை விட்டு வந்தவர்கள் சிலர் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடிப் பேசுவோம். இரண்டு வருடமாகக் குரலாக மட்டும் தெரிந்தவர்களை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

எங்களை அழைத்திருந்த செல்வி ஸ்கூட்டரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இன்று ஒன்றரை ஏக்கர் செல்வி பெயரில் இருக்கிறது. பட்டா வாங்க மூன்று வருடம் தாலுகா ஆபீசுக்கு நடந்த கதையை வீடு சேருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

வீட்டுக்குள் குழம்பு வாசனை. புரட்டாசி என்பதால் மீனும் கறியும் கிடையாது. எங்களுக்கு முன்பே வந்திருந்த கோவிந்தராசு ஐயா, பட்டுக்கோட்டைக்காரர், வாழ்நாள் முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்தவர், உரக்கக் கேட்டார்: "நாத்திகர் கூட்டத்துல புரட்டாசி விரதமா?"

"அம்மா சமைக்கிற அடுப்புங்க. அவங்க விரதம் முடியட்டும்," என்றார் செல்வி.

மாலையில் தன் அம்மாவைப் பெருமாள் கோயிலுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனதும் அவர்தான். நான் பின்னால் நடந்து போனேன். அம்மா உள்ளே போக, செல்வி வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க தாத்தாவை இந்த வாசலத் தாண்ட விட்டதில்ல. அதனால நீங்கள்லாம் மதத்தை விட்டு வந்தேன்னு சொல்றப்ப எனக்குச் சிரிப்பு வரும். நான் எங்க விடுறது, வெளியதான இருந்தேன்."

"பிறகு எதுக்கு அம்மாவைக் கூட்டி வர்றீங்க?"

"இப்ப உள்ள விடுறாங்கல்ல. அம்மாவுக்குப் போய் நிக்கணும். நிக்கட்டும்."

கோபமும் இல்லாமல் விட்டுக்கொடுத்த தோரணையும் இல்லாமல் அதை அவர் சொன்ன விதத்தை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி. செல்வியின் வயலோரத்தில், மோட்டார் கொட்டகை நிழலில் பாய் விரித்து இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தோம். வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தம்பதிகூட இருந்தார்கள். பெயர் சொல்லி முடித்ததும் செல்வி ஒரு கேள்வி வைத்தார்: "விட்டு வந்ததுல எதை இழந்தோம்னு நினைக்கிறீங்க? மறைக்காம சொல்லுங்க."

முதலில் பேசியவர் சீனிவாசன். கும்பகோணத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அர்ச்சகர் குடும்பம், இருபது வயது வரை அப்பாவோடு பூஜை செய்தவர். அந்த வேலையை உதறியதிலிருந்து அப்பா வீட்டுக்குள் விடுவதில்லை.

"காலையில அஞ்சு மணிக்கு நான் போய்த்தான் கோயில் கதவைத் திறக்கணும். சாமி இல்லேன்னு தெரிஞ்ச பிறகும் அந்த அஞ்சு மணிக்கு முழிப்பு வருது. போறதுக்குத்தான் இடமில்ல," என்றார்.

என் முறை வந்தது. "பாட்டு," என்றேன். "சபையில நாப்பது பேர் சேர்ந்து பாடுவோம். அதுக்கப்புறம் நான் யாரோடயும் சேர்ந்து பாடினதில்ல."

"இப்ப பாடுங்களேன்," என்றார் வேதாரண்யத்து அம்மா.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கீர்த்தனைகள்தான். தயங்கினேன். பிறகு அப்பா எழுதிய ஒரு பாட்டை எடுத்தேன். எங்கள் சபைக்கு வெளியே யாரும் கேட்டிராத பாட்டு. 'தகரக் கூரை மேல் மழையாய் வந்தவரே' என்று தொடங்கும். ஆறு வருடம் பாடாத குரல் முதல் வரியிலேயே உடைந்தது. இரண்டாவது வரியில் சீனிவாசன் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டு முழுவதும் பாடிவிட்டேன்.

கோவிந்தராசு ஐயா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதம்மா. கர்த்தரைப் பாடத்தான் நாம இவ்ளோ தூரம் வந்தமா?"

என் முகம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. சிறுவயதில் சபையில் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கியபோது முகம் சூடானதுபோலவே இங்கேயும். இங்கேயும் எனக்கு இடமில்லையோ என்ற பயம் வந்தது.

செல்வி உட்கார்ந்தபடியே சொன்னார்: "அது அவங்க அப்பா பாட்டுங்கய்யா. சாமியை விட்டா அப்பாவையும் சேர்த்தா விடணும்?"

சீனிவாசன் என் பக்கம் திரும்பி, "பல்லவியை இன்னொரு தரம் சொல்லுங்க, நாங்களும் பாடுறோம்," என்றார். பாடினார்கள். தப்பும் தவறுமாக, பாதிப் பேர் வார்த்தை தெரியாமல் ராகத்தை மட்டும் முனகினார்கள். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் கோவிந்தராசு ஐயா என் எதிரே உட்கார்ந்தார். "நான் சொன்னது சொன்னதுதான்," என்றார். "ஆனா குரல் நல்ல குரல்." என் இலையில் அப்பளம் இல்லாததைப் பார்த்துத் தன்னுடையதை எடுத்து வைத்தார். அர்ச்சகர் மகனுக்குச் செல்வியின் அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்கு என் அம்மாவின் போன் வந்தது. வரப்புக்கு நடந்தேன்.

"ஆராதனைக்குப் போனியா?"

"போகலம்மா," என்றேன். "ஆறு வருஷமா போகல. எனக்கு நம்பிக்கை இல்லம்மா."

அம்மா போனை வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. கொட்டகைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை, தைரியம் என்று பாராட்டவுமில்லை. வேதாரண்யத்து அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அவ்வளவு போதுமாயிருந்தது.

மூன்றரை மணி பஸ்ஸில் நானும் சீனிவாசனும் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். கண்டியூர் வழி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி நெடுகத் தண்ணீர், வாழை, மறுபடி நெல். அவர் கும்பகோணம் ரயிலுக்கு, நான் திருச்சி வழியாகத் திண்டுக்கல் போகும் ரயிலுக்கு. என் ரயில் முதலில் என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரை வந்தார்.

ரயில் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி அம்மா. அழுது முடித்த குரல்.

"யாரு அவங்கல்லாம்? நீ போயிருக்கிற எடத்துல இருக்கிறவங்க."

"என்னை மாதிரி விட்டு வந்தவங்கம்மா."

"சபையை விட்டுட்ட. சரி. நாளைக்கு நீ முடியாமப் படுத்தா, அவங்க வந்து பாப்பாங்களா?"

சபை எங்கள் குடும்பத்துக்குச் செய்ததெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. அப்பா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் முறை போட்டு வந்து உட்கார்ந்தவர்கள் சபைக்காரர்கள். அதை மறுக்க முடியாது. போனைக் காதில் வைத்தபடி சீனிவாசனைப் பார்த்தேன். அம்மாவின் குரல் அவருக்கும் கேட்டிருந்தது.

"கும்பகோணத்துலேர்ந்து திருச்சி வந்து மாறுனா அஞ்சு மணி நேரம்," என்றார். "காலையில கிளம்புனா மத்தியானம் அங்க இருப்பேன்."

"வருவாங்கம்மா," என்றேன்.

அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நான் உனக்காக ஜெபம் பண்ணுறத நிறுத்த மாட்டேன்."

"பண்ணுங்கம்மா."

ரயில் வந்துவிட்டது. சீனிவாசன் பையைக் கதவு வழியாகக் கொடுத்துவிட்டு, என் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.