மேரி பத்திகளுக்கு வைத்த பெயர்கள்

மேலாளரே, மேரியின் கையேட்டைக் கெடுத்தது நீங்கள்தான்.

லிப்ட் பழுதுபார்ப்பது எங்கள் தொழில். இன்று காலை கிள்ளானிலிருந்து மணியம் கூப்பிட்டான். லிப்ட் குழியில் மழைத்தண்ணீர். இறங்கும் முன் எந்த சுவிட்சை அணைப்பது என்று சொல்லும், கையேட்டின் ஒரே ஒரு பத்திதான் அவனுக்கு வேண்டும். அதன் பழைய லிங்க்கை அனுப்பினேன்.

"அண்ணே, மொத பக்கத்துலயே நிக்குதுலா. கம்பெனி வரலாறு படிச்சிட்டா எறங்கணும்?"

நானே தேடிப் பிடித்துப் போனில் படித்துக் காட்டினேன். அவனுக்குப் பின்னால் மழை இரைந்தது. ஈர பூட்ஸ் வாசம் இங்கே என் மூக்கில் அடித்தது.

அந்த வாசம் எனக்கு மேரி. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பழைய அலுவலகம், அப்பக் கடைக்கு மேல்மாடி. வாசலில் எல்லோருடைய பூட்ஸும் காயும். அதை ஒட்டி மேரியின் மேசை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், எதிலும் கறார். கையேடு முழுவதையும் வெறும் எழுத்துக் கோப்பாகத் தட்டினாள். வரிக்கு முன்னால் இரண்டு ஹேஷ் குறி (##) போட்டால் அது தலைப்பு; தலைப்பிலிருந்து லிங்க் தானாக வரும். அது போதும் என்று நினைத்தேன். ஒருநாள் அழகுக்காக ஒரு தலைப்பைத் திருத்தினேன். காஜாங், செராஸ் ஆட்கள் சேமித்து வைத்திருந்த லிங்க் எல்லாம் செத்தது.

மேரி கத்தவில்லை. "தலைப்ப இன்னைக்கு நீ மாத்துவ, நாளைக்கு வேற ஒருத்தன் மாத்துவான். பத்திக்கே பேர் வச்சிட்டா அது பாட்டுக்கு இருக்கும்லா."

பிறகு ஒவ்வொரு பத்தியின் தலையிலும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர் வைத்தாள்; லிங்க் இனி அந்தப் பெயரிலிருந்து வரும். ஆட்கள் போனில் என்ன சொல்லிப் பதறினார்களோ அதுவே பெயர்: குழியில்-தண்ணி, கதவு-சிக்கிச்சு, ஆள்-உள்ளே. இதெல்லாம் ஒரு பெயரா என்று சிரித்தேன். மடையன் நான். லிங்க்கைத் தொட்டால் அந்தப் பத்தியே கண்முன் நிற்கும். இதைவிடக் கெட்டிக்கார வேலையை நான் பார்த்ததில்லை.

மேரி வேலையை விட்டு செமினிக்குக் குடிபோனாள். நீங்கள் வந்து கையேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினீர்கள். எழுத்து வந்தது, படம் வந்தது. அடைப்புக்குள் இருந்த பெயர்களைக் குப்பை என்று துடைத்தீர்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கித் தர வேண்டாம். மணியமும் இருக்கிற கம்பெனி வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க எழுதுங்கள். அந்தப் பெயர்களை யாரைக் கேட்டுத் துடைத்தீர்கள்? எப்போது திரும்ப வைப்பீர்கள்?