தட்டிப் பார்த்த ஓடு

குளியலறைக்கு வாங்கிய டைலை அண்ணா தட்டினான். ‘டப்’பென்று அடங்கியது.

கரமனை வீட்டில் மழைக்கு முன்னால் எல்லோருமாக ஓடு மாற்றுவோம். கீழே நின்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணீரென்றால் ஏணியிலிருக்கும் அப்பாவிடம் நீட்டுவது என் வேலை. அவர் கூரையிலிருக்கும் அண்ணாவுக்குக் கொடுப்பார். ஒருமுறை ஒரு ஓடு இப்படித்தான் அடங்கியது. விளையாடப் போகும் அவசரத்தில் நீட்டிவிட்டேன்.

முதல் மழையிலேயே பூஜையறை ஒழுகியது. “ஒழுங்கா வெக்கத் தெரியாதோடா நோக்கு?” என்று அப்பா அண்ணாவைத்தான் திட்டினார். நனைந்தபடியே கூரையேறியவன் வழுக்கி விழுந்தான். நான் வாயே திறக்கவில்லை.

அன்று உடைந்த வலது மணிக்கட்டு இன்றும் சரியாக மடங்காது. இடக்கையால்தான் அந்த டைலை ஒதுக்கி வைத்தான்.

“இது விரிசல். மீதியை நீ தட்டித் தாடீ. சின்னதிலேர்ந்தே நோக்குத்தான் அந்தக் காது.”