கறுப்புப் பூவும் பாவாவின் பிளேடும்

மொட்டை மாடித் தரை உள்ளங்காலைச் சுடும். அந்தச் சூட்டில்தான் அடீனியம் செடி நன்றாகப் பூக்கும். அடி குண்டாக, யானைக்கால் மாதிரி. அதன்மேல் ஒட்டுக்கட்டிய கறுப்புப் பூ... தொட்டால் வெல்வெட். வெயிலில் நாவல்பழ நிறம்.

சென்னையில் ஒரு கண்காட்சியில் வாங்கியது. மணவூர் தாண்டும்வரை ரயிலில் உட்கார இடமில்லை. தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன். திருத்தணியில் வேறு யார் வீட்டிலும் அது இல்லை என்பதில் எனக்குத் தனி திமிர்.

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்பேன். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். ஆடிக் கிருத்திகைக்கு இருவரும் மலையேறிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் சாப்பிட்ட கையோடு மாடிக்கு வந்தார்.

“இன்னா மச்சான், பூவு கரிக்கட்டையாட்டம் கீது. ஒரு குச்சி உட்ச்சிக் குடேன்.”

“குச்சி நட்டா பூக்காதுங்க பாவா.”

அது பொய்.

“ஆங்... உன் கையில பூக்கும், என் கையில பூக்காது. சரி உடு.”

சிரித்தார். சட்டைப் பையில் அரை பிளேடு தெரிந்தது. நான் தண்ணீர் எடுக்கக் கீழே போய்த் திரும்பியபோதும் தொட்டி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அப்புறம் மழை. ஒட்டுக்குக் கீழே புதுத் தளிர்கள் கிளம்பின. ஆசையாக எரு வைத்தேன். பூத்தது... தெருவெல்லாம் கிடைக்கிற சாதாரண ரோஸ் நிறப் பூ. இலைகளை விலக்கிப் பார்த்தால், கறுப்புக் கிளை இருந்த இடத்தில் ஒரு வடு மட்டும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். “உன் வீட்டுக்காரர் பிளேடோடதான் வந்தாரு.”

“தறிக்காரன் பாக்கெட்டுல பிளேடு இல்லாம பூவாடா இருக்கும்? நூலு அறுக்க வாணாவா?”

அதற்குப் பிறகு கிருத்திகைக்கு அக்கா மட்டும்தான் வீட்டுக்கு வருவாள். பாவா பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நானும் கூப்பிடவில்லை. ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் போனால் மாடி மாடியாக அண்ணாந்து பார்ப்பேன்... எங்காவது கறுப்பாகத் தெரிகிறதா என்று.

போன வருஷம் மறுபடியும் ஒன்று வாங்கினேன். இந்த முறை மாடிக்கதவுக்குப் பூட்டு. சாவி என்னிடம் மட்டும். ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டது, எரு வைத்தேன். போன வாரம் பூத்தது.

ரோஸ்.

கறுப்புக் கிளையைத் தொட்டேன். காய்ந்த சுள்ளியாகக் கையோடு வந்துவிட்டது. அதே மாதிரி வடு. கீழே வருவது அடிச்செடியின் தளிர். கிள்ளாமல் விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். இத்தனை படித்தவன், எரு வைத்து வளர்த்திருக்கிறேன். இரண்டு முறை.

இருந்தாலும்... தண்ணீர் எடுக்கப் போன அந்த ஐந்து நிமிஷத்தை இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

அப்போது மாடிக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. சொந்தக்காரர்கள் கேட்காமலே ஏறி வருவார்கள். இப்போது நல்ல பூட்டு இருக்கிறது. ஏறி வரத்தான் ஆள் இல்லை.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். “கிருத்திகைக்கு பாவாவையும் கூட்டிகினு வா.”



“எதுக்குடா... இப்ப இன்னா காணோம்?” என்றாள்.