கைக்கு எட்டாத சுவிட்ச்

"ஆள் இருக்கேன்!" என்று குளியலறைக்குள்ளிருந்து ஒரு குரல் அலறுகிறது. அதற்குள் விளக்கு அணைந்தாயிற்று. அணைத்த கை அடுத்த அறைக்குப் போய்விட்டது. உள்ளே சோப்பு நுரையோடு இருட்டில் நிற்பவர் வீட்டுக்காரர். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அவர் மனைவி. "ஐயோ, பார்க்கலைங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, திரும்பி வந்து விளக்கைப் போடாமலே, ஹாலில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும் நிறுத்துகிறார். அதன் கீழே நான் உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் அவர் கண்ணில் படுகிறது.

"அட, தம்பியா! எப்போ வந்தீங்க?"

நான் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்துவிட்டதே அவர்தான்.

அந்த வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். நேரில் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்குச் சுவிட்சம்மா என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கோபமெல்லாம் இல்லை. "அணைக்கறவளைத்தானே கிண்டல் பண்றீங்க, எரிய விடறவங்களை யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்பார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், வேகமான நடை. நடக்கும்போது வலது கை உடம்புக்கு ஓர் அடி முன்னால், சுவரைத் தடவிக்கொண்டே போகும். பேச்சு நம்மிடம் இருக்கும், கண் நம் முகத்தில் இருக்கும், கை மட்டும் தனியாக ஊர் சுற்றும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ட இடத்தில் வைத்துவிடுவார். அது கிடைக்காவிட்டால் கடைசியாக எந்த விளக்கு அணைந்தது என்று கேட்டு, அந்த அறையில் போய்த் தேடினால் போதும்.

வேலை, நூலகத்தில். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைக்கு அவர்தான் அரசி. மாலையில் மூடும் நேரம் வந்தால் பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருவார். வரலாற்றுப் பகுதியில் ஒருவர் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தவர், கைபேசி வெளிச்சத்தில் அலமாரிகளைத் தடவித் தடவி வெளியே வந்த கதையை அங்கே இன்னும் சொல்கிறார்கள். பல் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் இருந்த மீன் தொட்டியின் மோட்டாரை நிறுத்திவிட்டார். தாதி ஓடி வந்து யார் என்று கேட்டபோது உடனே கையைத் தூக்கினார். "நான்தாம்மா. சும்மா ஓடுதுன்னு நினைச்சேன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்தால் அணைத்தேன் என்று சொல்லிவிடுகிற மனுஷி. ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த நல்ல குணம்தான் அவரை மாட்டிவிட்டது.

இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கட்டட வரைபடம் போடுகிறவன், இளையவன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். வேறு வேறு ஊர்களில் இருந்தாலும், வார இறுதியில் இருவரும் தத்தம் மின்சாரக் காரில் வந்து இறங்கிவிடுவார்கள். வீட்டுக் கராஜில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். யார் முதலில் சார்ஜ் போடுவது என்று வாசலிலேயே வாய்ச்சண்டை தொடங்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் முந்திக்கொண்டான். மறுநாள் காலையில் அவனுக்குப் பெரிய அலுவலகம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. வெகுநாளாக ஆசைப்பட்ட வேலை. விடிந்ததும் அவசரமாக ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பேட்டரியைப் பார்க்காமல் கிளம்பினான். பாதி வழியில் கார் நின்றுவிட்டது.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டான். கராஜ் சுவிட்ச் அணைந்திருப்பதை அப்பா பார்த்துச் சொன்னார். அடுத்த கேள்வி இயல்பாக அம்மாவுக்குத்தான் வந்தது. "நீ அணைச்சியாம்மா?"

"நான் கராஜ் பக்கமே போகலைடா."

அம்மா இல்லை என்றால் இல்லைதான். அப்புறம் யார்? முந்தின நாள் மாலை முழுக்கப் பிளக்குக்காக முனகிக்கொண்டிருந்தவன் இளையவன். அவன் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான், எடுபடவில்லை. பொறாமை, துரோகி என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்து விழுந்தன. கடைசியாக மூத்தவன் சொன்னான்: "இதைச் செஞ்சவன் மூஞ்சியில இனி நான் முழிக்க மாட்டேன்." அதற்கப்புறம் ஒரு வாரம் மூத்தவன், மறு வாரம் இளையவன் என்று முறை வைத்து வரத் தொடங்கினார்கள். ஒருவன் காலையில் போனால் இன்னொருவன் மாலையில்கூட வருவதில்லை. சுவிட்சம்மா சாப்பாட்டு மேசையில் என்னுடையதையும் சேர்த்து ஐந்து தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

திடீரென்று ஒருநாள் கராஜைக் காலி செய்யும் சத்தம் கேட்டது. உடைந்த கட்டில், மூடி தொலைந்த டப்பாக்கள், பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. சுவிட்சம்மா மூன்று சார்ஜிங் பாயின்ட் போடப் போகிறாராம். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குச் சின்னதாக ஒன்று. "தனித்தனியா இருந்தா யாரும் யாரையும் சொல்ல முடியாது பாருங்க" என்றார். ஏணியைப் பிடிக்க நான் அழைக்கப்பட்டேன்.

எலக்ட்ரீஷியன் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், காதில் பென்சில், பேச்சில் கண்டிப்பு. வந்ததும் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டுல இருக்கற எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுங்கம்மா. எவ்வளவு இழுக்குதுன்னு பார்க்கணும்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஓவன், வாஷிங் மெஷின், தண்ணி ஹீட்டர், லைட், ஃபேன், ஒண்ணு விடாம."

சுவிட்சம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டப்பகலில் வீடு முழுக்க விளக்கு எரிந்தது. ஆளில்லாத அறைகளில் மின்விசிறிகள் சுற்றின. வாஷிங் மெஷின் துணியே இல்லாமல் குதித்தது. வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் உட்கார்ந்து பேப்பர் படித்துப் பார்த்தார். "இந்த ரூம்ல இப்படி ஒரு வெளிச்சமா! சொல்லவே இல்லையே!" அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு ஹால் நடுவே நின்றார். கை இரண்டு முறை சுவரை நோக்கிக் கிளம்பியது. இரண்டு முறையும் எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார்.

அளந்து முடித்ததும் தீர்ப்பு வந்தது. மெயினிலிருந்து புது ஒயர் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் போட வேண்டும். இரண்டு காரும் முழு வேகத்தில் இழுத்தால் வீடு தாங்காது. அதனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகை சார்ஜர். "ரெண்டும் மாட்டினா பாதிப் பாதியா பிரிச்சுக்கும். ஒண்ணு நிரம்பிட்டா இன்னொண்ணுக்கு முழுசையும் விட்டுக் குடுத்துடும்."

"இந்தப் புத்தி பிளக்குக்கு இருக்கு பாரு!" என்று சுவிட்சம்மா பெருமூச்சு விட்டார்.

அதுவரை எல்லாம் சுமுகம். சார்ஜருக்குப் பக்கத்தில் வைக்கும் சுவிட்சுக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டபோதுதான் தகராறு வந்தது.

"அங்க வேணாம். மேல வைங்க."

எலக்ட்ரீஷியன் ஒரு சாண் மேலே ஏற்றினார். "இன்னும் மேல." இன்னொரு சாண். சுவிட்சம்மா எக்கித் தொட்டுப் பார்த்தார். தொட முடிந்தது. "இன்னும்."

"விட்டா கூரையில வைக்கச் சொல்வீங்க போலிருக்கே! அவசரத்துக்கு டக்குனு அணைக்கற உயரத்துலதான்மா சுவிட்ச் இருக்கணும். ரூல். தீப்பிடிச்சா ஏணியா தேடுவீங்க?"

"எனக்கு மட்டும் எட்டக் கூடாது, கண்ணு. மத்தவங்களுக்கு எட்டலாம்." குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே ஏதோ ஓர் அறையில் வெளிச்சத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். சுவிட்சம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு அணைச்சது நான்தான்."

மூத்தவன் போனில் கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. கராஜுக்குப் போன ஞாபகமே இல்லை. மறுநாள் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் வீடெல்லாம் தேடினார். அது கராஜ் அலமாரியில், பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "கை அணைச்சிருக்கு, எனக்குத் தெரியலை. சொல்லலாம்னு போனை எடுத்தேன். அதுக்குள்ள மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டான். அந்த மூஞ்சி என் மூஞ்சின்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளை இத்தனை மாதமாகத் தலை குனிந்து வந்து போகிறான், இந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சுவரில் இருந்த பென்சில் கோட்டை அவர் விரலால் அழித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் கோபம் பாதியாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் பென்சிலைக் காதில் செருகினார். "சுவிட்ச் இங்கதான் வரும்மா. கையை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லி, முதலில் கோடு போட்ட அதே இடத்தில் துளை போட ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருவருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போனது. இனிப் பிளக்குக்குச் சண்டையில்லை, வந்துதான் ஆக வேண்டும், வராவிட்டால் நானே அங்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். மிரட்டல் பலித்தது. இரண்டு கார்களும் கராஜில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சொந்தக்காரர்கள் மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் தடுப்புச் சுவராக நான்.

"அப்பா, அந்தப் பக்கம் இருக்கறவர்கிட்ட உப்பு இருக்கா கேளுங்க" என்றான் மூத்தவன்.

"இருக்குன்னு சொல்லுங்கப்பா" என்றான் இளையவன். உப்பு நகரவில்லை.

சுவிட்சம்மா பரிமாறினார், உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் கொண்டு வந்தார், மறுபடி சமையலறைக்குக் கிளம்பினார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார். போகிற வழியில், பாவம், பதற்றத்தில் கை பழைய வேலையைக் காட்டிவிட்டது. அந்தச் சாப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே இருட்டு.

"ஆள் இருக்கோம்!" என்று மேசையின் இரு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்தல் எழுந்தது. அண்ணனும் தம்பியும் வெகுநாளைக்குப் பிறகு சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அது.

விளக்கு திரும்ப எரியவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான்டா. சின்னவன் தொடலை. நான்தான் அணைச்சேன். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. பயந்துகிட்டுச் சொல்லலை."

சபதம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ சுவரைத் தடவினார்கள். விளக்கு எரிந்தபோது, மூத்தவன் சுவிட்சில் கை வைத்தபடி அம்மாவுக்கு எதிரே நின்றான். அவர் தலை குனிந்தார். அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கி, முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"இத்தனை மாசமாம்மா?" என்றான். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் தன் இடத்துக்குப் போகாமல் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "தப்பா பேசிட்டேன்டா" என்றான்.

இளையவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு உப்பை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தான். "முழுசையும் கொட்டிக்காதே. எனக்கும் மிச்சம் வை."

வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து மாடிக்குப் போகும்போது கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில், உள்ளே யாரோ போட்டுவிட்ட குழல்விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சம்மா உலா வந்துகொண்டிருந்தார். வலது கை வழக்கம்போல் முன்னால் வந்தது, சுவரைத் தொட்டது, புது சுவிட்சுகளுக்கு அருகில் வந்ததும் நின்றது.

அவர் இரண்டு கார்களையும் பார்த்தார்.

"ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

கார்களில் யாரும் இல்லை. சார்ஜர்களில் இரண்டு பச்சை விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. சற்று நேரம் பதிலுக்குக் காத்திருந்தவர், குறும்பு செய்யும் குழந்தையைக் கூட்டிப்போவது போல வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, குழல்விளக்கையும் எரியவிட்டபடி உள்ளே போனார்.