நான் எழுதாமல் விட்ட ஒன்பதாம் அத்தியாயம்

யாருடைய புத்தகத்தைப் பற்றி எழுதினோமோ அவர் திட்டுவார், யாரை எழுதாமல் விட்டோமோ அவரும் திட்டுவார், எந்தப் புத்தகத்தையும் தொடாதவர் இந்த இரண்டு பேரையும்விடச் சத்தமாகத் திட்டுவார். இதற்குப் பெயர்தான் இலக்கிய விமர்சனம்.

பகலில் நான் நாமக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். மிச்ச நேரத்தில் இருபது வருடமாகச் சிறுபத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில் வாசகர் வட்டமும் நடத்துகிறேன். உங்களுக்கு உயிராக இருக்கும் ஓர் எழுத்தாளரின் அரசியல் பிடிக்காமல், அவர் புத்தகத்தை அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம்தான். வாருங்கள், உட்காருங்கள்.

கல்யாண வீட்டில்

திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, பள்ளிக்கூட வேலை போக வேறென்ன செய்கிறேன் என்று விசாரித்தார். விமர்சனம் எழுதுகிறேன் என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். நான் ஆர்வக்கோளாறில், ஒரு நாவலில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று ரசம் வருகிற வரைக்கும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

"ஏனுங் டீச்சர், அடுத்தவங்க செஞ்சதுல குத்தங் கண்டுபுடிக்கறதுக்குன்னே தனியா ஒரு ஆளு வேணுமுங்களா? எங்கூட்ல எங்க மாமியாரு அதைச் சும்மாவே பண்றாங்களே!"

இரண்டு போன்

எங்கள் பக்கத்தில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். பெயரைச் சொன்னால் இரண்டு தரப்பும் கிளம்பி வந்துவிடும், அதனால் நாவல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மோகனூர்ப் பக்கத்துக் கரும்புக்காட்டை வைத்து அவர் எழுதிய நாவலைப் போல் இந்தச் சீமையில் இன்னொன்று எழுதப்படவில்லை. அதே கையால்தான், கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் காடு என்ன ஆவது என்றும் பத்திரிகைகளில் வரிசையாகக் கட்டுரை எழுதினார். மனிதர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது சேலத்துப் பதிப்பாளர் ஒருவர் நாவலை மறுபதிப்புப் போடுகிறார். இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய கட்டுரையையே முன்னுரையாகக் கேட்டார். எனக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது. தலைகால் புரியாமல் சரி என்றேன். கூடவே, நாவலைப் பற்றி ஒரு முழுநாள் கூட்டம் என்றும் அறிவித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குமாரசாமி போன் செய்தார். அவர் நாவல்காரரின் பரம பக்தர். ஒரு குறை சொன்னாலும் கூட்டமே வேண்டாம் என்றார். நாவலில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். பாடப்புத்தகத்தில் வந்திருந்த நாலு பக்கத்தைச் சொன்னார். அதற்கு மேல் அவர் போகவில்லை. அடுத்து, அம்மாபேட்டையிலிருந்து வழக்கறிஞர் இளமாறன். அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூட்டம் போட்டால் வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்றார். நாவலைப் படித்தீர்களா என்றேன். யாரோ செல்போனில் அனுப்பிய ஒரு பத்தியைப் படித்திருந்தார்.

"விஷம்னு தெரிஞ்ச பிறகு குடிச்சு வேற பார்க்கணுங்களா டீச்சர்?"

எங்கள் வழக்கம்

வேதியியல் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது! விஷத்தை யாரும் குடிக்கச் சொல்லவில்லை, சோதனைக் குழாயில் ஊற்றிப் பாருங்கள் என்கிறேன். எங்கள் வட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பை வைத்து இரண்டு பேர் நாற்காலி உடைகிற அளவுக்குச் சண்டை போட்டார்கள். அப்புறம் பார்த்தால், இருவர் கையிலிருந்த பிரதியிலும் ஓரம் வெட்டாமல் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. புகழ வருகிறவர், அந்தப் புத்தகத்தில் தனக்கு நெஞ்சை அறுக்கிற பக்கம் ஒன்றை முதலில் எல்லார் முன்பும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். திட்ட வருகிறவர், தனக்குப் பிடித்த பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

இந்த வழக்கத்துக்குப் பயந்து பாதிப் பேர் வருவதில்லை. மீதிப் பேர் படித்துவிட்டு வருகிறார்கள். குமாரசாமி, இளமாறன் இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவைத்தேன். இளமாறன் வாங்கிக்கொண்டு போனில் பெருமூச்சு விட்டார்.

"படிச்சுப் பார்த்துப் பிடிச்சுப் போச்சுன்னா, எங்க தோழர்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

ஆய்வகத்தில்

எங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளர் பூங்கொடி. ஐம்பதை நெருங்குகிறவர். மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். என் மேசையில் கிடந்த நாவலையும், என் பழைய கட்டுரை உள்ள தொகுப்பையும், படிச்சுட்டுத் தரட்டுங்களா என்று கேட்டு எடுத்துப்போனார். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரியாக்கிவிட்டுப் போன சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். கட்டுரை நல்லா இருக்குதுங்க என்றார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எடுத்து எடுத்துச் சொல்லியிருக்கிறீங்க என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு குழாயைக் கவிழ்த்து வைத்தார்.

"புஸ்தகத்துல பதினாலு அத்தியாயம் இருக்குதுங் டீச்சர். உங்க கட்டுரையில பதிமூணுதானுங்க இருக்குது."

விட்டுப்போன போல்ட்டு

விட்டது ஒன்பதாம் அத்தியாயம். மறந்துபோய் விட்டதல்ல. அதில் கரும்பு வெட்டுகிற ஒரு பெண், வெட்டு நடக்கிற மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் தன் மகளைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போகிறாள். நாவல்காரர் ஒன்றரைப் பக்கத்துக்கு அவளைக் கேலி செய்கிறார். வாசிக்கும்போது உடம்பு கூசும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நாவல்மேல் காதல். அந்த அத்தியாயம் கலைக்குச் சம்பந்தமில்லாதது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு தாண்டிப் போனேன். போதாததற்கு, "இந்நாவலில் சிறுமைக்கு ஒரு வரிகூட இடமில்லை" என்றும் கட்டுரையை முடித்திருந்தேன். இப்போது அதுதான் முன்னுரையாக அச்சேறப் போகிறது. வெட்கமாக இருந்தது. திருத்தினால், இருபது வருடமாக என்னை நம்பி அந்த வரியை மேற்கோள் காட்டியவர்கள் முன்னால் என் பேர் போகும். திருத்தாவிட்டால் பூங்கொடி முகத்தில் நான் எப்படி விழிப்பது?

என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. இலக்கியத்துக்கும் அவருக்கும் நல்ல தூரம். தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம் என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே முழுதும் கேட்டார்.

"போல்ட்டு ஒண்ணு உட்டுப்போச்சு, மேல பெயிண்டு அடிச்சுட்டே. பெயிண்டைச் சுரண்டிப்போட்டு போல்ட்டை மாட்டு. இதுக்கு எதுக்குச் சோறு வேண்டாங்கறே?"

குமாரசாமியின் இரண்டாவது போன்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு. பூங்கொடியைக் கூட்டத்தில் பேசச் சொல்லி நான் கேட்டு, அவர் பார்க்கலாமுங்க என்று நழுவிக்கொண்டிருந்த நேரம். குமாரசாமி சாரின் குரல் வழக்கமான மிடுக்கில் இல்லை. தனக்குச் சங்கடமான பக்கமே நாவலில் இருக்காது என்று முதலில் வாதாடியவர்தான்.

"டீச்சர்... ஒரு பக்கமில்லீங்க. ஒரு அத்தியாயமே இருக்குதுங்க. நானும் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல புள்ளைகளைச் சேத்தவனுங்க."

மாடியில்

எழுபது பேர் வந்துவிட்டார்கள். தட்டச்சு இயந்திரங்களை ஓரமாக நகர்த்தி, அவற்றின் மேல் முட்டை போண்டாத் தட்டுகளை வைத்தோம். முதலில் நான் எழுந்தேன். எங்கள் வழக்கப்படி நெஞ்சை அறுக்கிற பக்கத்தை வாசிக்க வேண்டுமே. என் கட்டுரையின் கடைசி வரியை வாசித்தேன். இது பொய், தெரிந்தே எழுதியது, முன்னுரையாக இது வராது என்றேன். பதிப்பாளர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, இருபது வருடமாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

குமாரசாமி சார் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தார். கேலி வருகிற இடத்தில் மூன்று முறை நிறுத்தினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதையும் சேர்த்துத்தான் இனிமேல் இவரைப் பற்றிப் பேசுவேன், சேர்க்காமல் பேச மாட்டேன் என்றார். ஒரு பக்தர் வாயிலிருந்து இதைவிட என்ன வேண்டும்!

அடுத்து இளமாறன், தனக்குப் பிடித்த பக்கத்தை வாசித்தார். ஆறு மாதம் காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அது கடைமடைக் காட்டுக்கு வந்து சேருகிற அந்த ஒரு பக்கம். தண்ணீருக்கு முன்னால் ஜனங்கள் ஓடுகிறார்கள், வெடிப்பு ஒவ்வொன்றும் குடித்துவிட்டு வழிவிடுகிறது. நீதிமன்றத்தில் பழகிய குரல் அல்லவா, கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது. அவரும் தன்னை மறந்துவிட்டார். முடித்துப் புத்தகத்தை மூடியதும், எல்லாரும் தட்டிய கையைப் பார்த்து அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"நல்லாத்தான் எழுதித் தொலைச்சிருக்கான், படுபாவி!"

பூங்கொடி

மத்தியானம் கூட்டம் போண்டாவையும் வாதத்தையும் ஒருசேர மென்றுகொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து பூங்கொடி தானாகவே எழுந்து வந்தார். புகழப் போகிறீர்களா, திட்டப் போகிறீர்களா, அதற்கேற்ற பக்கத்தை வாசிக்க வேண்டும் என்று இளமாறன் சட்டம் பேசினார். எனக்கு ரெண்டும் ஒரே பக்கந்தானுங்க என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் அத்தியாயத்தின் அதே பக்கத்தைத் திரும்ப வாசித்தார். ஆனால் கேலியை விட்டுவிட்டு, நடுவில் நாங்கள் யாரும் நின்று பார்க்காத வரிகளை மட்டும் வாசித்தார். தோகை அறுத்த தழும்போடு அந்தப் பெண்ணின் கை. மகளின் மணிக்கட்டை அது பிடித்திருக்கும் பிடி. சாலை முழுக்க ஆட்கள் நின்று சிரித்தும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பாமல் நடக்கிற நடை.

"மத்த பதிமூணு அத்தியாயத்துலயும் எல்லாரும் நின்னு பேசறாங்க. போற எடம் தெரிஞ்சு நடக்கறது இவ ஒருத்திதானுங்க" என்றார். "அவரு சிரிக்கறதுக்குத்தான் வந்தாரு. ஆனாக் கண்ணு பாத்ததைக் கை எழுதிப்போடுச்சு. நெனப்புதான் கெட்டுக் கெடந்துச்சு, கண்ணு கெடலீங்க. அதனால அந்த நாவலை எரிக்கவும் வேண்டாம், கும்புடவும் வேண்டாம். இந்தப் பக்கத்தை மறைக்காம எல்லாத்தையும் படிச்சாப் போதுமுங்க." இருபது வருடம் புத்தகம் புத்தகமாகப் படித்து, மேற்கோள் மேல் மேற்கோளாக அடுக்கிய நான் அந்த நாவலைப் பற்றி இதில் பாதிகூடச் சொன்னதில்லை. பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. உட்காரப் போனவர் திரும்பி நின்றார்.

"அது எங்கம்மாவா, பக்கத்தூட்டு அத்தையான்னு தெரியலீங்க. எங்க தெருவுல மூணு பேரு அப்படிப் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாங்க. அதுல ஒரு புள்ளை நானு. எந்தப் புள்ளையா இருந்தாலுஞ் சரி, அது படிச்சிருச்சுங்க. அவரு அதை எழுதாம உட்டுட்டாரு, நாஞ் சொல்லிக்கறேன்."

அச்சுக்குப் போகும் முன்

கைதட்டல் அடங்கப் பதிப்பாளர் காத்திருந்து, நேராகப் பூங்கொடியிடம் போனார். மறுபதிப்பின் முன்னுரை அவருடையது என்று அங்கேயே முடிவானது. என் கட்டுரை, திருத்தி, பதினாலு அத்தியாயத்தோடும் பின்னால் வருகிறது. என் பேர் போகவில்லை. திருத்தியதற்காகவே நாலு பேர் கடிதம் எழுதினார்கள், ஒருவர்கூடத் திட்டவில்லை. இந்தத் தொழிலில் இது நடக்குமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும், எனக்கும் வந்தது.

பள்ளியின் செய்முறைப் பதிவேட்டுத் தாளில் பூங்கொடி எழுதித் தந்த ஆறு பக்கத்தில் நான் ஒரு கமா மட்டும் சேர்த்தேன். அவர் அதையும் அடித்துவிட்டார். பெயருக்குக் கீழே என்ன போடுவது, ஆய்வக உதவியாளர் என்றா என்று பதிப்பாளர் போனில் கேட்டார். பூங்கொடி கையிலிருந்த குடுவையை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார்.

"வாசகர்னு போடுங்க. அந்த வேலைக்கு ஆரும் எனக்கு ஆர்டர் குடுக்கலீங்க, நானாச் சேந்துக்கிட்டேன்."

வணங்குகிறவர், வெறுக்கிறவர், விமர்சிக்கிறவர் என்று நாங்கள் எழுபது பேர் கூடி வாதாடிய மாடியில் புத்தகத்தைச் சரியாகப் படித்திருந்தவர் ஒரே ஒருவர்தான், அவரிடம் தோற்றதைப் போல் ஒரு வெற்றி இந்த இருபது வருடத்தில் எனக்கு வாய்த்ததே இல்லை.